பன்றிக்கு வேலி போடுமுன் படியுங்கள்



விடிகாலையில் பெரட்டுக்குப் புறப்படுமுன் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்கிறீர்கள். நேற்று மாலை நிமிர்ந்து நின்ற மரவள்ளி வரிசை அடியோடு சாய்ந்து கிடக்கிறது. கலப்பை போட்டு உழுததுபோல் மண் புரண்டிருக்கிறது. கிழங்கில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை மிதித்து நாசமாக்கிவிட்டுப் போயிருக்கிறது காட்டுப்பன்றி. எட்டு ஒன்பது மாதம் பாடுபட்டு வளர்த்தது. பிள்ளைகளுக்குக் காலையில் அவித்துக் கொடுக்கவும், மிஞ்சியதைச் சந்தையில் கொடுத்து நாலு வெள்ளி பார்க்கவும் வைத்திருந்தது. ஒரே இரவில் போயிற்று.

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சலை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆத்திரத்தில் மனிதனுக்குப் பல யோசனைகள் தோன்றும். அவற்றில் மிகவும் மோசமான யோசனை ஒன்று உண்டு. வீட்டுப் பிளக்கிலிருந்து ஓர் ஒயரை இழுத்து வேலிக் கம்பியில் மாட்டிவிட்டால் என்ன? இன்று ராத்திரி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்!

அந்த யோசனை வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மாதம் பேனாவை எடுத்தேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனால் கொல்லை மிஞ்சாது. அதனால் செலவு குறைந்த, உயிருக்கு ஆபத்தில்லாத வேலி எப்படிப் போடுவது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்குப் படித்தும் காட்டுங்கள்.

பன்றி ஏன் வருகிறது?

நம் பாட்டன் பூட்டன் காலத்திலும் பன்றி இருந்தது. தினைப்புனத்தில் பன்றி இறங்குவதைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். ஆனால் இன்று தோட்டப்புறத்தில் அதன் தொல்லை கூடியதற்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணம் ஒன்று உண்டு.

இந்த நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917-ஆம் ஆண்டில், சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். அப்போது ரப்பர்தான் ராஜா. செம்பனை ஓரத்தில் நின்ற பயிர். பின்னர் ரப்பர் மரம் விழ விழ, அந்த நிரைகளில் செம்பனை எழுந்தது. ரப்பர் பாலைப் பன்றி குடிக்காது. செம்பனைப் பழமோ அதற்குக் கல்யாண விருந்து. குலை பழுத்தால் பழம் உதிரும். ஆண்டு முழுவதும் உதிரும். எண்ணெய் ஊறிய அந்தப் பழத்தைத் தின்று பன்றி கொழுக்கிறது, பெருகுகிறது.

நெகிரி செம்பிலானில் பாசோ என்ற வனக்காப்பகம் இருக்கிறது. அதைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். அங்கே ஆய்வாளர்கள் பன்றியைக் கணக்கெடுத்தார்கள். 1996-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 47 பன்றிகள். 1998-ல் சுமார் 27. ஒரு காட்டில் இருக்க வேண்டிய அளவைவிட இது மிக மிக அதிகம். அவர்கள் சொன்ன காரணம் இரண்டு. ஒன்று, பக்கத்திலேயே குறையாமல் கிடைக்கும் செம்பனைப் பழம். மற்றொன்று, பன்றியைத் தின்னும் புலி அந்தக் காட்டில் இல்லாமல் போனது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில், காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று தெரியவந்தது. காவல்காரன் போய்விட்டான். திருடனுக்குக் கொண்டாட்டம்.

பன்றியின் சினைக்காலம் நாலு மாதம்கூட இல்லை. சுமார் 115 நாள்தான். ஓர் ஈற்றுக்கு நாலு முதல் எட்டுக் குட்டி வரை போடும். ஆகவே ஒன்றைக் கொன்றுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அதன் இடத்துக்கு அடுத்தது வரும். கொல்லைக்குள் காலை வைக்க முடியாமல் செய்வதுதான் நிலைத்த வழி. அதற்குப் பன்றியைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

மூக்குதான் அதன் மண்வெட்டி

பன்றிக்குக் கண் மந்தம். மோப்பமோ அபாரம். மண்ணுக்கு அடியில் கிடக்கும் கிழங்கையும் மோந்து கண்டுபிடித்துவிடும். அதன் மூக்கு நுனியில் வட்டத் தட்டு மாதிரி இருக்கிறதே, அதற்குள் ஓர் எலும்பு இருக்கிறது. பின்னால் தடித்த கழுத்துத் தசை. மூக்கை மண்ணில் குத்தி மேலே நெம்பினால் மண்வெட்டி தோற்றுப்போகும்.

இந்த மிருகம் ஒரு வேலிக்கு முன்னால் வந்து நின்றால் என்ன செய்யும்? நிமிர்ந்து வேலியின் உச்சியைப் பார்த்து, தாண்டலாமா என்று யோசிக்காது. தலையைக் குனிந்தபடியே வேலி ஓரமாக நடக்கும். எங்கே கம்பியின் அடி தூக்கி நிற்கிறது, எங்கே மண் இளகியிருக்கிறது, எங்கே கம்பம் ஆடுகிறது என்று மூக்கால் தட்டிப் பார்க்கும். இரண்டு விரல் நுழையும் இடைவெளி கிடைத்தால் போதும். மூக்கை நுழைத்து, நெம்பித் தூக்கி, குடும்பத்தோடு உள்ளே வந்துவிடும்.

நாம் போடும் வேலி பெரும்பாலும் எப்படி இருக்கிறது? ஆள் உயரத்துக்குக் கம்பம் நட்டு, மேலே நாலு வரி முள்கம்பி ஓட்டியிருப்போம். அடியில் ஒன்றும் இருக்காது. அது திருடனுக்குப் போட்ட வேலி. பன்றிக்கு அது திறந்த வாசல்.

மானுக்கு வைத்த சோளம்

இதைத் தெளிவாக விளக்க ஒரு தூர தேசத்துச் சங்கதி சொல்கிறேன். அமெரிக்காவில் டெக்சஸ் என்று ஒரு மாநிலம். அங்கே பன்றி மண்ணின் மிருகமே இல்லை. ஸ்பெயின்காரர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலில் கொண்டுவந்த வீட்டுப் பன்றிகள் தப்பிக் காட்டுக்குப் போயின. 1930-களில் வேட்டைப் பிரியர்கள் ஐரோப்பியக் காட்டுப்பன்றியையும் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் கலந்தன. இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 2 மில்லியனுக்கும் மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

அங்கே நிலம் வைத்திருப்பவர்கள் பலர் மானுக்குத் தீனி வைப்பார்கள். மூன்று கால் இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு பீப்பாய். உள்ளே மக்காச்சோளம். பீப்பாயின் அடியில் பேட்டரியில் சுழலும் ஒரு தட்டு. காலையும் மாலையும் குறித்த நேரத்துக்குச் சில விநாடிகள் அது சுழன்று, சோளத்தைச் சுற்றிலும் வீசும். மான் வந்து பொறுக்கித் தின்னும். வேட்டைப் பருவத்தில் அந்த மான்களை வைத்துத்தான் அவர்களுக்கு வருமானம்.

ஆனால் சோளம் விழும் சத்தம் மானுக்கு மட்டுமா கேட்கும்? பன்றிக் கூட்டம் வந்துவிடும். பன்றி வந்தால் மான் ஒதுங்கிப் போகும். சோளம் முழுவதும் பன்றி வயிற்றுக்கு. சில இடங்களில் அந்த மூன்று கால் சட்டத்தையே முட்டிச் சாய்த்துவிடும்.

அவர்களுக்கு வந்த சிக்கலைப் பாருங்கள். வேலி போட வேண்டும். அந்த வேலி மானை உள்ளே விட வேண்டும், பன்றியை மட்டும் வெளியே நிறுத்த வேண்டும். இதை ஆராய்ந்தவர்கள் தீனிப் பீப்பாயைச் சுற்றி 20 அங்குலம், 28 அங்குலம், 34 அங்குலம் என்று மூன்று உயரத்தில் இரும்புக் கம்பிச் சட்ட வேலி போட்டுப் பார்த்தார்கள். 20 அங்குலம் பன்றிக்குப் போதவில்லை. 28 அங்குலமும் 34 அங்குலமும் பன்றியை நிறுத்தின. மானுக்கோ அந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு துள்ளலில் உள்ளே போய்விட்டது. டெக்சஸ் மாநில வேளாண் விரிவாக்க அலுவலர்களும் குறைந்தது 28 அங்குலம் வையுங்கள் என்றே நிலக்காரர்களுக்குச் சொல்கிறார்கள்.

28 அங்குலம் என்றால் எவ்வளவு? இரண்டேகால் அடிக்குச் சற்று மேல். ஒரு பெரியவரின் இடுப்புக்குக்கூட வராது. அந்த உயரமே போதுமானதாக இருந்ததற்குக் காரணம், கனமான கம்பி, ஆடாத கம்பம், தரையோடு ஒட்டிய அடி. மூக்கு நுழைய இடமில்லை.

அந்த ஊர் அனுபவத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. வேலி வட்டத்தைச் சின்னதாகப் போட்டால், சுழலும் தட்டு வீசும் சோளம் வேலிக்கு வெளியேயும் விழும். அப்புறம் பன்றி தினமும் வரும். வெளியே கிடப்பதைத் தின்றுவிட்டு, உள்ளே போக வழி தேடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு மணி சோளம்கூட வெளியே விழாத அளவுக்கு வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். நம் கொல்லையில் சோளம் வீசும் பீப்பாய் இல்லை. ஆனால் வேலிக்கு வெளியே கொட்டும் சமையல் கழிவும், விழுந்து அழுகும் பலாவும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

நம் கொல்லைக்கு ஏற்ற வேலி

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நமக்கு மானை உள்ளே விடும் கவலை இல்லை. ஆனால் மரவள்ளியும் வத்தாளங்கிழங்கும் பன்றிக்குப் பெரிய ஆசை. அதனால் சில அங்குலம் கூட்டி, தரைக்கு மேல் மூன்று அடி என்று வைத்துக்கொள்வோம்.

கம்பி: கோழிக்கூட்டுக்குப் போடும் மெல்லிய வலை உதவாது. ஒரே முட்டில் கிழிந்துவிடும். பற்றவைத்த கனமான கம்பி வலை வேண்டும். கட்டடக்காரர்கள் தரை போடப் பயன்படுத்தும் பி.ஆர்.சி. வலையின் மிச்சத் துண்டுகள் கிடைத்தாலும் நல்லதுதான். அதன் கண் பெரிதாக இருந்தால், அடிப்பகுதியில் இன்னொரு துண்டை விலக்கி வைத்துக் கட்டிக் கண்ணைச் சிறிதாக்குங்கள். குட்டி நுழைந்தால் தாய் சும்மா நிற்காது.

கம்பம்: ஆறு அடிக்கு ஒன்று. இரண்டு அடி மண்ணுக்குள் போகட்டும். முள்முருங்கைக் கட்டையை நட்டால் அது வேர் பிடித்து உயிர்க்கம்பமாகிவிடும், உளுத்துப்போகாது. வலையைக் கம்பத்தின் வெளிப்பக்கம் கட்டுங்கள். அப்போது பன்றி முட்டினால் வலை கம்பத்தின் மேல் சாயும். உள்பக்கம் கட்டினால் கட்டு அறுந்து வலை கழன்றுவிடும்.

அடி: வேலியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வலையை முக்கால் அடியாவது மண்ணுக்குள் புதையுங்கள். தோண்ட முடியாத கல் தரையாக இருந்தால், வலையின் அடியை வெளிப்பக்கமாக ஓர் அடி அகலத்துக்கு மடித்துத் தரையில் படியவிட்டு, முளை அடித்து, மேலே கல்லும் மண்ணும் போட்டுவிடுங்கள். பன்றி வேலி ஓரத்தில் நின்று தோண்டப் பார்க்கும். தன் காலடியில் இருக்கும் வலைமேல் தானே நின்றுகொண்டு அதைத் தூக்க அதற்குத் தெரியாது.

தகரம்: வலை வாங்க வசதியில்லையா? பழைய ஜிங்க் தகரம் இருக்கிறதா பாருங்கள். கூரை மாற்றிய வீட்டில் கிடைக்கும். தகரத்தைப் படுக்கைவாட்டில் நிறுத்தி, அடியைப் புதைத்து, கம்பத்தோடு சேர்த்து ஆணியடியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாததால் பன்றி வலையை முட்டும் அளவுக்குத் தகரத்தை முட்டாது. கம்பத்து மக்கள் காலங்காலமாகத் தங்கள் கொல்லைக்குச் செய்துவரும் முறை இது. புதைத்தது போக உயரம் குறைந்தால் மேலே இரண்டு வரி கம்பி ஓட்டுங்கள். தகரத்தின் விளிம்பை மடித்து அடித்துவிட மறக்காதீர்கள். ஓடி விளையாடும் பிள்ளைகளின் காலைக் கிழிக்கும்.

வாசலும் வாய்க்காலும்: நல்ல வேலி போட்டுவிட்டுக் கதவுக்கு அடியில் அரை அடி சந்து விட்டவர்கள் உண்டு. கதவுக்குக் கீழே ஒரு கட்டையைப் புதைத்துவிடுங்கள். மழைத்தண்ணீர் வாய்க்கால் வேலியைக் கடக்கும் இடத்தில் இரும்புக் கம்பிகளை நெருக்கமாக ஊன்றுங்கள்.

போட்டதோடு விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். காலால் வலையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் காலுக்குத் தூக்கினால் பன்றி மூக்குக்கும் தூக்கும். வேலிக்கு வெளியே நாலு அடிக்குப் புல்லை வெட்டி வெளிச்சமாக வையுங்கள். புதர் இருந்தால் அதற்கு மறைவு.

மண்ணெண்ணெய்த் துணி, தலைமுடி, ரேடியோ, விளக்கு என்று பலர் பல கைமருந்து சொல்வார்கள். ஒரு வாரம் பயப்படும். ஆபத்தில்லை என்று தெரிந்ததும் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே கிழங்கைத் தின்னும்!

வேலி போட்ட பிறகும் ஒரு நாள் பன்றி உள்ளே மாட்டிக்கொண்டால் கம்பெடுத்து மூலையில் மடக்காதீர்கள். சாதாரணமாகத் தாவ நினைக்காத பன்றி, நெருக்கினால் தாவும், ஆளையும் பாயும். குட்டியோடு இருக்கும் தாய் இன்னும் பொல்லாதது. கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வந்த வழி தெரியும் அதற்கு.

பத்து வீட்டுக்கு ஒரே வேலி

செலவுக் கணக்கைப் பார்ப்போம். நாற்பதுக்கு நாற்பது அடியில் ஒரு கொல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 160 அடி. லயத்தில் அடுத்தடுத்துப் பத்துக் கொல்லைகள். தனித்தனியாகப் போட்டால் 1,600 அடி வேலி வேண்டும். பத்தையும் சேர்த்து வெளியே மட்டும் ஒரே வேலியாகச் சுற்றினால்? நீளம் நானூறு, அகலம் நாற்பது. மொத்தம் 880 அடி. ஒரு வீட்டுக்கு 88 அடிதான். ஏறக்குறையப் பாதிச் செலவு மிச்சம்.

பணம் மட்டுமா? நீங்கள் மட்டும் வேலி போட்டால் பன்றி பக்கத்து வீட்டு மாரியம்மாவின் கொல்லைக்குப் போகும். அப்புறம் இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல். ஒன்றாகப் போட்டால் அந்தப் பேச்சே இல்லை. கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட ஒன்றுகூடும் கைகள் இதற்கும் கூடட்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் போட்டால் வேலை முடிந்துவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நிலம் தோட்டத்துடையது என்றால், கம்பம் நடுமுன் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முடிந்தால் எழுதிக் கொடுங்கள். கேட்கப் போகும்போதே கழித்துப் போட்ட வலை, தகரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இளம் செம்பனைக் கன்றின் குருத்தைப் பன்றி பிடுங்கித் தின்றுவிடும் என்பதால், கன்றைச் சுற்றிக் கம்பி வலை வளையம் போடும் தோட்டங்கள் உண்டு. பன்றியின் சேட்டை நிர்வாகத்துக்கும் தெரிந்ததுதான். உங்கள் கொல்லையில் தனியாக நிற்கும் வாழைக்கன்றுக்கும் இளம் தென்னைக்கும் அதே வளையத்தைப் போடலாம்.

வீட்டு மின்சாரம் வேண்டவே வேண்டாம்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் சில விநாடி நெஞ்சுக் கூட்டின் வழியாக ஓடினால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். அது எவ்வளவு என்று கேட்கிறீர்களா? முன்பு வீட்டில் எரித்தோமே 60 வாட் குண்டு பல்பு, அது எரியத் தேவையான மின்சாரத்தில் பாதிகூட இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அந்த மின்சாரம் தசையை இறுக்கிவிடும். கம்பியைப் பிடித்த கை தானாக விடாது. கத்தவும் முடியாது.

அந்தக் கம்பி இருட்டில் யாருக்காகக் காத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து வேலைக்காட்டுக்கு நடந்து போகிறவர் யார்? நம் ஆள். மழை பெய்து ஊறிய மண்ணில் வெறுங்காலோடு கீரை பறிக்க வருபவர் யார்? நம் வீட்டுப் பாட்டி. வேலிக்குள் விழுந்த பந்தை எடுக்கக் கையை விடுவது யார்? நம் பிள்ளை. வழி தவறி வரும் மாடும் நம்முடையதுதான். ‘காலையில் எழுந்ததும் சுவிட்சை அடைத்துவிடுவேன்’ என்பார்கள். ஒரு நாள் மறந்தால் போதும். அந்த ஒரு நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் எந்தக் கிழங்கும் ருசிக்காது. கம்பியைப் போட்டவரைக் காவல்துறை அழைத்துப் போகும். பக்கத்து வீட்டில் சாவு, தன் வீட்டில் வழக்கு. நம் நாட்டில் பன்றிக்குப் போட்ட மின்கம்பியில் மனிதர்கள் மாண்ட செய்தியைப் பத்திரிகையில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

‘மின்வேலி என்று கடையில் விற்கிறார்களே, அது மட்டும் எப்படி?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கென்று செய்த கருவி மின்சாரத்தைத் தொடர்ந்து விடாது. விநாடிக்கு ஒரு முறை, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கும் குறைவாக ஒரு துடிப்பை மட்டும் அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நேரம் மிகக் குறைவு. சுளீர் என்று அடிக்கும், அடுத்த துடிப்புக்குள் கையை எடுத்துவிடலாம். பன்றிக்கு அந்த அடி மூக்கில் விழுந்தால் போதும், மறுபடி நெருங்காது. அப்படிப்பட்ட வேலிக்கும் சுருஹான்ஜெயா தெனாகா என்னும் எரிசக்தி ஆணையத்தின் அனுமதி வேண்டும். தெரிந்தவர்தான் மாட்ட வேண்டும். எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். வீட்டுப் பிளக்கிலிருந்து நேராக இழுத்த ஒயருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எங்காவது யாராவது மின்கம்பியில் சிக்கிவிட்டால், பதறிப்போய் வெறுங்கையால் இழுக்காதீர்கள். இழுத்தவரும் ஒட்டிக்கொள்வார். முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள். அதற்கு வழியில்லை என்றால் காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த கட்டையால் கம்பியைத் தள்ளிவிடுங்கள். 999-க்கு அழையுங்கள். மூச்சில்லை என்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு முறைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்து ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உள்காயம் வெளியே தெரியாது.

சுருக்கும் வேண்டாம்

கம்பிச் சுருக்கு வைப்பதையும் சிலர் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தீபகற்ப மலேசியாவில் சுருக்கு வைப்பது குற்றம். காட்டுப்பன்றியை வேட்டையாடவும் உரிமம் வேண்டும். சுருக்குக்கு எது பன்றி, எது புலி, எது நாய் என்று தெரியாது. எஞ்சியிருக்கும் சில புலிகளையும் அதுதான் முடமாக்குகிறது. பன்றியைக் குறைக்கும் காவல்காரனையே நாம் கொன்றுவிட்டு, பன்றி கூடிப்போயிற்று என்று புலம்புவதில் அர்த்தமில்லை. தொல்லை அளவுக்கு மீறினால் பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள். பல வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்தால் மனுவுக்கு எடை கூடும்.

வாசகர்களே, மேலே சொன்ன வேலியில் புதுமை ஒன்றும் இல்லை. மூன்று அடி உயரம், கனமான வலை அல்லது தகரம், புதைத்த அடி, ஆடாத கம்பம், வெளியே சிதறாத தீனி. இந்த ஐந்தும் இருந்தால் பன்றி இரண்டு இரவு சுற்றிப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போகும். உங்கள் மரவள்ளி முற்றும்வரை மண்ணில் இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்தில் யாராவது ஏற்கெனவே வேலிக்கு ஒயர் இழுத்து வைத்திருந்தால், ‘நமக்கென்ன’ என்று இருந்துவிடாதீர்கள். இந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய், ‘அண்ணே, இதைக் கொஞ்சம் கேளுங்க’ என்று அவரிடம் படித்துக் காட்டுங்கள். இன்று இருட்டுமுன் போங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.